காபி அறையில் கேட்ட கேள்வி

நோரவிக், 11 மார்ச் 2019

அன்புள்ள குன்வோர் செல்லின் அவர்களுக்கு,

என்னை உங்களுக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன். இல்லையென்றால் அதுவும் என் அதிர்ஷ்டத்துக்குப் பொருத்தமாகத்தான் இருக்கும். 1987ஆம் ஆண்டு ஆகஸ்ட் வரை நான் நோரவிக் நகராட்சியின் ஆணையர். பத்திரிகையில் உங்கள் செய்தி வந்த பிறகு மிதிவண்டிப் பாதைத் திட்டத்தின் தலைவர். நம் நாட்டில் யாரையும் வேலையை விட்டுத் துரத்துவதில்லை; ஏதாவது ஒரு திட்டத்துக்குத் தலைவராக்கிவிடுவார்கள். அந்தப் பாதை இன்னும் வரவில்லை. நான்தான் ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நம் நாட்டில் அமைச்சரையும் தபால்காரரையும் எல்லோரும் 'நீ' என்று அழைக்கத் தொடங்கி அரை நூற்றாண்டு ஆகிறது. இருந்தாலும் உங்களுக்கு 'நீங்கள்' என்றே எழுதுகிறேன். மனத்தாங்கல் உள்ள இடத்தில் மரியாதை சற்றுக் கூடுதலாகவே இருக்கட்டும்.

நடந்ததை நினைவுபடுத்துகிறேன். ஊருக்கு முந்நூறு வயது. அந்த விழாவில் நகரமன்றத் தலைவர் கோடு போட்ட பழங்கால நீச்சல் உடையில், பித்தளை வாத்தியம் முழங்க, விரிகுடாவை நீந்திக் கடப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய வாரம் விரிகுடாவில் ஊரார் குளிக்கும் துறையின் தண்ணீரைச் சோதித்ததில் கழிவுநீர்க் குழாய் விரிசல் விட்டிருப்பது தெரிந்தது. சோதனை முடிவை இழுப்பறைக்குள் வைத்தேன். விழா முடிந்ததும் வெளியே எடுப்பதாக இருந்தேன். நீங்கள் விழாவுக்கு முன்பே உங்கள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் எடுத்துவிட்டீர்கள். தலைவர் அதே கோடு போட்ட உடையில் கடலுக்குள் நீண்ட மரத்துறையின் முனையில் நின்று, தண்ணீரைப் பார்த்தபடி உரை மட்டும் நிகழ்த்தினார். அந்தப் புகைப்படம் நகர நூலகத்தில் இன்னும் தொங்குகிறது.

அடுத்த திங்கட்கிழமை காபி அறையில், கையில் இலவங்கப்பட்டை பன்னோடு, நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்: "உங்கள்ல யாரு பத்திரிகைக்குச் சொன்னது?"

அரசு ஊழியர் பத்திரிகைக்குச் சொல்லலாம். சொன்னது யார் என்று மேலதிகாரி கேட்கக் கூடாது. கேட்பதே குற்றம். சிக்னலில் சிவப்பு எரிந்தால் நிற்க வேண்டும் என்பதைப் போல இது இந்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்டேன். மேசையைச் சுற்றி இருந்த எட்டுப் பேரும் பன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதம் கழித்து எனக்கு அபராதம் வந்தது.

இப்போது எழுதுவதற்குக் காரணம் இதுதான். அந்த எட்டுப் பேரில் ஒருவன் ரூனே. நகராட்சிப் பொறியாளன். தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பியவனும் அவனே. சிறுவயதிலிருந்து என் நண்பன். அவன்தான் சொன்னான் என்று முடிவு செய்து அன்றிலிருந்து அவனோடு நான் பேசவில்லை. வரும் ஆகஸ்டில் அவனுக்கு எண்பது வயது. ஆற்று இறால் விருந்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. அட்டையை எழுதியது அவன் மனைவி சீவ். அடியில் ரூனேயின் கையெழுத்தில் ஒரு வரி: "படகில் இடம் இருக்கிறது."

போகலாமா கூடாதா என்று தெரிய வேண்டும். நான் இப்போது நகராட்சி அல்ல, ஓய்வூதியக்காரன். கேட்பது எனக்குக் குற்றமில்லை. ஆகவே கேட்கிறேன். சொன்னது யார்?

மரியாதையுடன்,
பிர்கர் ஓக்லுண்ட்


மால்மோ, 2 ஏப்ரல் 2019

அன்புள்ள பிர்கர் ஓக்லுண்ட் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பழைய பத்திரிகையின் முகவரிக்கு எழுதியிருக்கிறீர்கள். அங்கே இப்போது உடற்பயிற்சிக் கூடம் நடக்கிறது. அங்கிருந்த ஒரு நல்ல இளைஞர் தேடிக் கண்டுபிடித்து அனுப்பியிருக்கிறார். உறையின் மேல் வியர்வை வாசனை. நாங்கள் இருந்த காலத்தில் அங்கே வேறு வாசனைகள்: பக்கம் ஒட்டும் மெழுகு, இருட்டறை ரசாயனம், அடுப்பில் மறந்துபோன காபி. இந்த நகரத்தின் எந்தக் கடையிலும் அந்தக் காபி கிடைக்கவில்லை. யாரும் அவ்வளவு மோசமாகப் போடத் துணிவதில்லை.

உங்களுக்குக் கேட்பது இப்போது குற்றமில்லை என்பது சரி. எனக்குப் பதில் சொல்வது இன்றும் குற்றம். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு செய்தி சொன்னவரின் பெயரை நான் வெளியிட்டால் எனக்கு அபராதம், அல்லது சிறை. ஓய்வு பெற்றாலும், பத்திரிகை மூடினாலும், கட்டடத்தில் எடை தூக்கினாலும் அந்த வாக்குக்கு முடிவு தேதி கிடையாது. பல நாடுகளில் பெயரைச் சொல்ல மறுத்த பத்திரிகையாளரைச் சிறையில் போடுகிறார்கள். இங்கே சொன்னால் போடுகிறார்கள். சிறைக்குப் போவதாக இருந்தால் எனக்கு நம் நாட்டுக் காரணமே பிடித்திருக்கிறது.

இன்னொன்றையும் நீங்கள் அறிவீர்கள் என்று நினைக்கிறேன். அந்த மௌனம் என் சொத்து அல்ல. செய்தி சொன்னவருடையது. அவர் மட்டுமே அதை உடைக்கலாம். நான் வெறும் காவல்காரி.

எங்கள் ஆசிரியர் ஹோல்கர் இதில் என்னைவிடக் கறார். அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"நம்பலாமா?" என்றார்.

"நம்பலாம்."

"சொன்ன ஆளு தண்ணியைப் பத்தித் தெரிஞ்ச ஆளா?"

"நல்லாத் தெரிஞ்ச ஆளு. அவர் வந்து…"

"போதும்மா. இன்னும் ஒரு வார்த்தை சொன்னே, உன்னை விளம்பரப் பிரிவுக்கு மாத்திடுவேன். எனக்குத் தெரியாததை என்கிட்ட இருந்து எவனும் புடுங்க முடியாது."

தெரியாமலேயே போய்ச் சேர்ந்தார். இறுதி ஊர்வலத்தில் அவர் பெட்டியின் மேல் பூவோடு ஒரு வெற்று அட்டை இருந்தது. யார் வைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

செய்தி வந்த மறுநாள் காலை நீங்கள் எனக்குத் தொலைபேசியில் போட்ட கூச்சலை நான் மறக்கவில்லை. "எவன் சொன்னான், எவன் சொன்னான்" என்று கத்தினீர்கள். பின்னால் நகரமன்றத் தலைவர் இருமுவதும் கேட்டது. அந்தக் கூச்சலை இன்றும் மிகுந்த மதிப்புடன் நினைக்கிறேன். இதற்கு மேல் எழுத மாட்டேன். கடிதங்களை யார் யாரோ படிக்கிறார்கள். நீங்கள் என்னைச் சோதிக்கத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்றால், தேறிவிட்டேன் என்று எண்ணுகிறேன்.

வணக்கத்துடன்,
குன்வோர் செல்லின்


நோரவிக், 24 ஏப்ரல் 2019

குன்வோர் செல்லின் அவர்களுக்கு,

என் கூச்சலை மதிப்புடன் நினைப்பதற்கு நன்றி. என் வாழ்க்கை கவிழ்ந்த காலையை ஒருவர் இசைக் கச்சேரியைப் போல நினைவில் வைத்திருக்கிறார் என்பதை அறிவதில் எவ்வளவு மகிழ்ச்சி. நான் உங்களைச் சோதிக்கவில்லை. உங்களைச் சோதித்து எனக்கு என்ன ஆகப்போகிறது? எனக்கு வயது எழுபத்தொன்பது. என்னைத்தான் மருத்துவர்கள் வாரம் ஒருமுறை சோதிக்கிறார்கள்.

ரூனேயை உங்களுக்குத் தெரியாது. ஆகவே சொல்கிறேன்.

அவனுக்கும் எனக்கும் சேர்த்து ஒரு படகு. சனிக்கிழமைகளில் வலை போடுவோம். ஹெர்ரிங் மீன் கிடைத்தால் கரையிலேயே வறுத்து ரொட்டியில் வைத்துத் தின்போம். கிடைக்காவிட்டால் ரொட்டி மட்டும். அந்த மணிக்கணக்கான நேரத்தில் நாங்கள் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு அஞ்சலட்டை நிரம்பாது. அப்படி ஒரு நட்பு. பேசாமல் இருப்பதற்கு ஏற்ற ஆள் கிடைப்பது அரிது. இப்போதும் நான் அவனோடு பேசுவதில்லைதான். ஆனால் அது வேறு, இது வேறு.

காபி அறைக்கு மறுநாள் படகுக் கொட்டகைக்குப் போனேன். அவன் படகின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"டேய் ரூனே, நீ இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லு. போதும்."

"சொல்ல மாட்டேன்."

"அப்ப நீதான்."

"இங்க பாரு பிர்கர். நான் இல்லன்னு நான் சொன்னா, நாளைக்கு மையாவும் இல்லன்னு சொல்லணும். அப்புறம் லெனார்ட். அப்படியே எல்லாரும் சொல்லிட்டு எழுந்து போயிட்டா, கடைசில சொல்ல முடியாம ஒரு ஆளு மட்டும் மேசைல உட்கார்ந்திருக்கும். அந்த மூஞ்சியை நீ பார்க்கணுமா?"

"பார்க்கணும்."

"அதுக்குத்தான்டா சொல்ல மாட்டேங்கிறேன்."

அத்துடன் விட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். நான் என் துடுப்பையும் மிதவை உடுப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். என் பெயர் செய்தித்தாளில் நாறிக்கொண்டிருக்கிறது, இவன் கண்ணடிக்கிறான்! முப்பது வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கண்ணடிப்பு எனக்குச் செரிக்கவில்லை. படகில் பாதி என்னுடையது. எந்தப் பாதி என்று பேசி முடிக்கவில்லை.

பல்பொருள் அங்காடியில் எதிர்ப்படுவோம். உறைபெட்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். பட்டாணிப் பையைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வோம். வீட்டில் எனக்கு வேண்டியதற்கு மேல் பட்டாணி இருக்கிறது.

பெயர் சொல்ல வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லுங்கள். அது ரூனே இல்லை என்று. அவ்வளவுதான். 'இல்லை' என்பது யாருடைய பெயரும் அல்ல.

பி. ஓக்லுண்ட்


மால்மோ, 6 மே 2019

அன்புள்ள பிர்கர் ஓக்லுண்ட் அவர்களுக்கு,

'இல்லை' என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் நீங்கள் இரண்டாமவரைப் பற்றிக் கேட்பீர்கள். கழித்தல் கணக்கு. உங்கள் நண்பர் படகுக் கொட்டகையில் அதை என்னைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். பத்திரிகைத் துறையில் இருந்திருந்தால் ஹோல்கர் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருப்பார். இப்படிச் சொல்வதால் அவர்தான் என்றோ அவர் இல்லை என்றோ பொருள் கொள்ள வேண்டாம். உயிரோடு இருப்பவர், இறந்தவர், எட்டுப் பேருக்குள் இருப்பவர், வெளியே இருப்பவர் என யாரைப் பற்றிக் கேட்டாலும் என் பதில் இந்தக் கடிதத்தில் உள்ளது மட்டுமே.

உங்களிடம் ஒரு குழப்பத்தை ஒப்புக்கொள்கிறேன். முதல் கடிதம் வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது வந்தபோது சிரிப்பு வரவில்லை. நீங்கள் உண்மையாகவே கோபமாக இருக்கிறீர்கள் போலத் தெரிகிறது. எனக்குப் புரியவில்லை. புரியாததை எழுதுவதில்லை என்பது பழைய வழக்கம். இதோடு நிறுத்துகிறேன்.

இந்த ஊரில் லைலாக் பூத்துவிட்டது. அங்கே இன்னும் பனி உருகியிருக்காது.

குன்வோர் செல்லின்


நோரவிக், 23 ஜூன் 2019

அன்புள்ள குன்வோர் செல்லின் அவர்களுக்கு,

கோபத்தில் எழுதுவதற்கில்லை என்று கோடை நடுநாள் விழா முடியும்வரை காத்திருந்தேன். விழா முடிந்துவிட்டது. மழை பெய்தது. அதற்கென்ன, எப்போதும் பெய்வதுதானே. வயதானவர்கள் நாங்கள் குடையோடு விழாக் கம்பத்தைச் சுற்றி வந்து, தவளைப் பாட்டுக்கு முடிந்தவரை குதித்தோம். ரூனே எதிர் வரிசையில் குதித்தான். அவன் முழங்கால் சரியில்லை. முன்பெல்லாம் எங்களில் அவன்தான் நன்றாகக் குதிப்பான்.

உங்களை இனித் தொந்தரவு செய்ய மாட்டேன். விருந்துக்குப் போகப் போவதில்லை. தெரியாமல் போய் அவன் எதிரில் உட்கார்ந்து இறாலின் தலையை உறிஞ்ச என்னால் முடியாது. காகிதத் தொப்பி வேறு மாட்டிவிடுவார்கள். சந்தேகத்தோடு காகிதத் தொப்பி அணிந்த மனிதனைவிடப் பரிதாபமானது எதுவும் இல்லை.

ஆனால் விடைபெறுவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் செய்தியைப் படித்தவர்கள் என்னைக் குழந்தைகளைக் கழிவுநீரில் தள்ளிவிட்டுக் கைதட்டக் காத்திருந்தவன் என்று நினைத்தார்கள். நான் அப்படி இல்லை. முடிவை இழுப்பறையில் வைத்த அன்று மாலையே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாயைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தேன். ஃபியா என்று ஒரு நாய்; கிழவி, காது கேட்காது, நல்ல துணை. ஆகஸ்டு மாலைகளின் அந்த வெளிச்சம் உங்களுக்கு நினைவிருக்கும். தண்ணீர் தகரத்தைப் போல மின்னிக்கொண்டிருந்தது. பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மரத்துறையில் ஒரே ஒருத்தி. மஞ்சள் ரப்பர்த் தொப்பி போட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சின்னப் பெண், இடுப்பில் காற்று அடைத்த அன்னப்பறவை. இறங்கப் போகிறார்கள். முகம் சரியாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் நான் மேசையைத் தவிர வேறெங்கும் கண்ணாடி போட மாட்டேன். அழகன் என்ற எண்ணம்.

"இன்னிக்கு வேணாம்மா," என்றேன். "விழா முடியட்டும்."

"ஏன், தண்ணிக்கு என்ன?"

"சோதிச்சாச்சு. நல்லா இல்ல. முடிவு நகராட்சி இழுப்பறைல தூங்குது."

அவள் உடனே குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். பிறகு, "மத்தவங்ககிட்டயும் சொல்லலாமா?" என்று கேட்டாள்.

"யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"சத்தியமா மாட்டேன்," என்றாள்.

அவ்வளவுதான். குளிக்க வரும் நாலு பேரிடம் சொல்லுவாள், அவர்களாவது தப்பிப்பார்கள் என்று நினைத்தேன். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அடுத்த வாரம் ஊரே என்னைத் திட்டியபோது, "அவர்தான் என்னை எச்சரித்தார்" என்றுகூட அவள் எங்கும் வாய் திறக்கவில்லை. எனக்கு உதவியிருக்கும், ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். யாரோ ஒரு சாதாரணப் பெண். வாக்கு என்றால் என்ன என்று உங்கள் தொழிலில் இருப்பவர்கள் அவளிடம் படிக்கலாம்.

வாழ்க வளமுடன்.

பிர்கர் ஓக்லுண்ட்


மால்மோ, 14 ஜூலை 2019

அன்புள்ள பிர்கர்,

அந்தத் தொப்பி மஞ்சள் அல்ல. வெள்ளை. அதன்மேல் நிறைய மஞ்சள் ரப்பர்ப் பூக்கள். கண்ணாடி இல்லாதவருக்கு மஞ்சளாகத்தான் தெரிந்திருக்கும்.

அன்னப்பறவை சரி. அதை இடுப்பில் மாட்டியிருந்தவள் இப்போது இங்கே பல் மருத்துவர். அந்த ஆண்டு அவளுக்கு நான்கு வயது. குளிக்காமல் வீட்டுக்குப் போகிறோம் என்று வழி முழுவதும் அழுதாள். "அந்தத் தாத்தா கெட்டவரு," என்றாள். உங்களுக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை என்று நினைக்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். செய்தி சொன்னவரின் பெயரைச் சொன்னவருக்கே தெரிவிக்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. எழுதியவர்களுக்கு அப்படி ஒரு நிலை வரும் என்று தோன்றியிருக்காது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. எனக்கும் தோன்றவில்லை.

என் மிதிவண்டி அந்த மரத்துறையின் கைப்பிடியில்தான் சாய்ந்திருந்தது. பத்திரிகையின் பெயர் போட்ட பலகை அதன் குறுக்குக் கம்பியில், ஒவ்வொரு எழுத்தும் கையளவு. அதைப் படித்துவிட்டுத்தான் நீங்கள் பக்கத்தில் வந்து பேசுகிறீர்கள் என்று நினைத்தேன். "மற்றவர்களிடம் சொல்லலாமா" என்று நான் கேட்டதும், உங்கள் பதிலும், எங்கள் தொழிலில் ஒப்பந்தம் போடும் முறை. அவ்வளவு அழகாக அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மறுநாள் காலை நகராட்சியின் வரவேற்பு மேசைக்குப் போய், "இழுப்பறையில் தூங்கும் தண்ணீர்ச் சோதனை முடிவு வேண்டும்" என்றேன். கேட்டால் காட்டியே ஆக வேண்டும் என்பது சட்டம். அங்கிருந்த பெண் வெளுத்துப்போய் எடுத்துக் கொடுத்தாள்.

பிறகு நீங்கள் தொலைபேசியில் கத்தினீர்கள். தலைவர் பக்கத்தில் இருக்கிறார், அவர் காதுக்காகக் கத்துகிறீர்கள் என்று நினைத்தேன். பிறகு காபி அறையில் கேட்டீர்கள், அபராதமும் கட்டினீர்கள். தன்மேல் சந்தேகம் விழாமல் இருக்க ஒரு மனிதர் தானே குற்றவாளியாகவும் துணிந்திருக்கிறார் என்று நான் வியந்துபோனேன். இத்தனை வருடமும் புதிதாக வேலைக்கு வருபவர்களிடம், பெயரும் ஊரும் சொல்லாமல், "நான் பார்த்த மிக நிதானமான ஆள்" என்று உங்களைப் பற்றிப் பெருமை பேசியிருக்கிறேன். அதைத் திரும்பப் பெற இப்போது வழியில்லை. அவர்களில் பலர் ஆசிரியர்களாகிவிட்டார்கள்.

உங்கள் நண்பரைப் பற்றி நான் இப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. கழித்தல் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

தொப்பி இன்னும் இருக்கிறது. ரப்பர் ஒட்டிக்கொண்டு விரியாது. பூக்கள் பாதி உதிர்ந்துவிட்டன.

குன்வோர்


நோரவிக், 19 ஆகஸ்ட் 2019

அன்புள்ள குன்வோர்,

இனி 'நீ'. மனத்தாங்கல் கொள்ளும் உரிமை எனக்குப் போய்விட்டது. மரியாதையும் அதோடு போகட்டும்.

உன் கடிதம் வந்த அன்று நான் எதுவும் செய்யவில்லை. மறுநாள் பட்டாணிப் பைகளையெல்லாம் எடுத்துத் தூர எறிந்தேன். அதற்கு அடுத்த நாள் படகுக் கொட்டகைக்கு நடந்தேன். ரூனே வெளியே கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தான். முழங்கால். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. பக்கத்தில் இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டான்.

நான் நிறைய யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோயிற்று.

"ரூனே. பத்திரிகைக்குச் சொன்னது யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

"அப்படியா."

"நான்தான்டா."

அவன் விரிகுடாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அது எனக்குத் தெரியுமே," என்றான்.

"தெரியுமா?"

"நான் அன்னிக்குப் படகுல இருந்தேன். வலை எடுத்துட்டு இருந்தேன். நீ நாயைக் கூட்டிட்டு வந்தே. பத்திரிகைக்காரிகிட்ட நின்னு பேசினே. அவ சைக்கிள் பலகை எனக்கு அங்கிருந்தே தெரிஞ்சுது. நான் என்ன, உன்ன மாதிரி கண்ணாடியைப் பையில வெச்சுக்கிட்டு அலையறவனா?"

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"என்னத்தைச் சொல்ல? நீ காபி ரூம்ல நின்னு 'யாரு சொன்னது'ன்னு கேட்டே. அடடா, என்னமா நடிக்கிறான்னு நினைச்சேன். கொட்டகைக்கு வந்து என்கிட்டயே கேட்டே. சரி, யாரோ ஒளிஞ்சு நின்னு கேக்கறாங்க போலன்னு நினைச்சேன். அதான் கண்ணடிச்சேனே!"

"துடுப்பை எடுத்துட்டுப் போனேனே?"

"அதுவும் நடிப்புன்னுதான்."

"முப்பது வருஷமாடா?"

ரூனே கொஞ்சம் யோசித்தான். "கொஞ்சம் நீண்டுபோச்சேன்னு நினைச்சேன்," என்றான். "ஆனா நீ எதையும் அரைகுறையா செய்யற ஆளு இல்ல."

அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை. மாலைவரை உட்கார்ந்திருந்தோம். அந்தப் பழைய பேசாமை எங்கேயும் போயிருக்கவில்லை, கொட்டகையிலேயே இருந்திருக்கிறது. கிளம்பும்போது மட்டும் கேட்டேன், ஒரு நாள்கூட உனக்குக் கோபம் வரவில்லையா என்று. "உறைபெட்டிகிட்ட வந்துச்சு," என்றான். "ஒவ்வொரு தடவையும்." பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டான். நானும்.

சனிக்கிழமை விருந்து. தோட்டத்தில் நீள மேசை, நிலா முகம் வரைந்த காகித விளக்குகள், அண்டாவில் சதகுப்பைக் கீரையோடு வெந்த இறால். எல்லோருக்கும் தொப்பி. என் தொப்பி பச்சை. பழைய காபி அறையில் மிச்சமிருப்பவர்களும் வந்திருந்தார்கள்: மையா, சக்கர நாற்காலியில் லெனார்ட், இன்னும் இருவர். ரூனே என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தான். எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. மையா இறால் தட்டை மட்டும் என் பக்கம் தள்ளினாள்.

சீவுக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் நகராட்சியில் வேலை பார்த்தவள் இல்லை, பள்ளிக்கூட ஆசிரியை. விருந்தில் பாடும் பாட்டுகளில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் சாராயக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "நான் சாகற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் பேச மாட்டீங்கன்னு நினைச்சேன். என்னதான் ஆச்சு? யாராவது ஏதாவது சொன்னாங்களா? யாரு?"

மையா தன் தட்டைப் பார்த்தாள். லெனார்ட் ஒரு இறாலின் காலை உடைத்து மெதுவாக உறிஞ்சினான். ரூனே விளக்கைப் பார்த்தான். யாரும் தலை நிமிரவில்லை. சீவ் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரியான கல்லுங்க," என்று சொல்லி உருளைக்கிழங்கு எடுக்க உள்ளே போனாள்.

உன் பெயர் அங்கே வரவில்லை, குன்வோர். வராது.

அப்போதுதான் எனக்கு அந்தத் திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. இதே முகங்கள், இதே குனிந்த தலைகள், இறாலுக்குப் பதில் பன். ரூனேயைத் தவிர மற்றவர்களுக்குச் சொன்னது யார் என்று தெரியாது. யாராக இருந்தாலும் சரி என்று பேசாமல் இருந்தார்கள். அது எனக்கு எதிராகக் கட்டிய சுவர் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். சுவர்தான். ஆனால் உள்ளே இருந்தது நான். எட்டுப் பேர் எனக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் ஒருவன் மட்டும் அவர்கள் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிர்கர்